இறங்கும்போது அடிக்கிற வண்டி

பொன்னுரங்கம் மடத்து வாசலில் காரை நிறுத்தினார். உடனே இறங்கவில்லை.

கதவை உள்ளிருந்தே தள்ளித் திறந்தார். ஒரு காலை மண்ணில் வைத்தார். மறு காலை வைத்தார். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு இடுப்பால் இடித்துக் கதவைச் சாத்தினார்.

மடத்தில் சமைக்கும் சகுந்தலா சமையலறை வாசலில் நின்று சிரித்தாள்.

"என்னாண்ணா, காலங்காத்தால கூத்தா?"

"உனக்கென்னம்மா. இறங்கித் தொட்டா அடிக்குது."

"யாரு, வண்டியா?"

"வண்டிதான்."

"பொண்டாட்டி அடிச்சாலே வெளியில சொல்லமாட்டாங்க. நீங்க வண்டி அடிக்குதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறீங்க."

கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகிற சாலையை ஒட்டிய சின்ன மடம் அது. மாசி மாதம். காற்றில் ஈரம் என்பதே இல்லை. மடத்தை நடத்தும் அம்மா வாசலில் சாக்கு விரித்து, புளியம்பழத்தை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். வாடகைக் கார் ஓட்டும் பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தாறு. எட்டு வருடமாக இங்கே வருகிறார். அவர் 'அம்மா' என்பார். அம்மா அவரை 'அண்ணா' என்பார். இருவருக்கும் அதில் குழப்பம் இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"வண்டியை வித்துடலாமா?"

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுறப்ப நல்லாத்தான் ஓடுது. இறங்குறப்பதான் ஷாக் அடிக்குது. பின்னாடி உட்கார்ற பாசஞ்சர் ஜம்முனு இறங்கிப் போறாரு. எனக்குத்தான் அடிக்குது."

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"பேட்டரியைப் பார்த்தாச்சு. ஒயரிங் பார்த்தாச்சு. ரோட்டுல உரசுற மாதிரி பின்னாடி ஒரு ரப்பர் வார் தொங்கவிட்டேன். எலுமிச்சம்பழம்கூட கட்டினேன். ஒரு மெக்கானிக் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னான்."

"வண்டிக்கா?" என்றாள் சகுந்தலா.

"கைக்கு. தடவினேன். ஸ்டியரிங் வழுக்கிச்சு."

சகுந்தலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஆறு வருஷமா."

"ஆறு வருஷமா அடிக்கிற வண்டியை இன்னைக்கு எதுக்கு விக்கணும்?"

பொன்னுரங்கம் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பழத்தை எடுத்து உடைத்தார். ஓடு நொறுங்கியது. கொட்டையை எடுக்கவில்லை.

"விடியக்காலம் தருமபுரி போனேன்."

"பொண்ணு வீட்டுக்கா?"

"தெருமுனை வரைக்கும். வேணி மஸ்கட் போறா. குடும்பத்தோட. மாப்பிள்ளைக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு. 'காலையில ஆறு மணிக்குக் கிளம்புறோம் மாமா'ன்னு மெசேஜ் போட்டிருந்தாரு. நான் அஞ்சரைக்கே போயிட்டேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வேற ஒருத்தன் வண்டியில பெட்டியெல்லாம் ஏத்தினாங்க. பேரன் முன்சீட்டுதான் வேணும்னு அடம்பிடிச்சான்."

"பேசினீங்களா?"

"இறங்கல."

அம்மாவின் கை நின்றது.

"பின்னாடியே வந்தேன்மா. இந்த ரோட்டுலதான் போனாங்க. டோல்கேட்ல ஒரு லாரி நடுவுல புகுந்துடுச்சு. அந்தப் பக்கம் வந்து பார்த்தேன், காணோம். அப்புறம் விரட்டல."

சகுந்தலா சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"ஏன் இறங்கல?"

"இறங்கினா ஓடி வருவா. கையைப் பிடிப்பா. அன்னைக்கு மாதிரி ஆகிடும்."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

இந்த ஆறு வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. இப்போதும் மெதுவாகத்தான் சொன்னார்.

வேணி, தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருடம் அவர் அவளோடு பேசவில்லை. பேரன் பிறந்த சேதி வந்தபோது சென்னையில் சவாரி இறக்கிவிட்டு நின்றிருந்தார். அங்கிருந்து நேராக தருமபுரிக்கு ஓட்டினார். ஐந்து மணி நேரம். நடுவில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. கார் சத்தம் கேட்டு வேணி செருப்புகூடப் போடாமல் வாசல் கேட் வரை ஓடி வந்தாள். இவர் இறங்கி நின்றார். 'அப்பா' என்று கையைப் பிடித்தாள்.

"சுளீர்னு அடிச்சுது. கையை உதறிட்டேன்மா. 'ச்சீ'ன்னு ஒரு வார்த்தையும் வந்துடுச்சு."

"ஷாக்குல வந்தது."

"ஷாக்குலதான். ஆனா அவ என்ன நினைப்பா? ஒரு வருஷம் கழிச்சு வந்த அப்பன், தொட்டதும் உதறி 'ச்சீ'ங்கறான். இன்னும் கோவம் ஆறலன்னுதானே நினைப்பா?"

"அப்புறம்?"

"டிக்கியில பழம் வாங்கி வெச்சிருந்தேன். எடுத்து கேட் ஓரமா வெச்சேன். வண்டியில ஏறிட்டேன்."

"குழந்தையைப் பார்க்கலையா?"

"உள்ள தூங்கிக்கிட்டு இருந்தானாம்."

காற்று ஒரு புளியிலையையும் அசைக்கவில்லை. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அவ தப்பா எடுத்துக்கிட்டாம்மா. அதனாலதான் இவ்வளவும். வண்டியைச் சரி பண்ணிட்டு ஒரு நாள் போகலாம்னு இருந்தேன். 'இந்த மாதிரிம்மா, அன்னைக்கு உதறினது நான் இல்ல, வண்டி'ன்னு சொல்லிடலாம்னு."

"போயிருக்கலாமே."

"சரியாகலையேம்மா."

"பஸ் இருக்கு."

"டிரைவர் பொண்ணு வீட்டுக்கு பஸ்ல போனா, தெருவே கேக்கும் வண்டி எங்கன்னு."

அம்மா எழுந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெறுங்காலோடு காரிடம் நடந்தார். பொன்னுரங்கமும் பின்னால் போனார்.

"உள்ள உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"எப்பவும் ஓட்டுற மாதிரி உட்காருங்க."

பொன்னுரங்கம் சும்மா உட்காருகிறவர் இல்லை. சாய்ந்தார். நிமிர்ந்தார். இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். பாலியெஸ்டர் சட்டை சீட்டில் கரகரவென்று உரசியது.

"இப்ப இறங்குங்க. வண்டி இரும்பைத் தொடாம இறங்குங்க."

இறங்கினார். அம்மா கையை நீட்டினார்.

"தொடுங்க."

"அடிக்கும்மா."

"தெரியும்."

விரலை நீட்டினார். டப் என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பின்னால் போயின. அம்மா "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் பதறிப்போனார். "ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. உங்களுக்கும் அடிச்சுதா?"

"பின்னே? ரெண்டு கைக்கும் நடுவுலதானே அடிக்குது."

அவர் அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப வேணிக்கும் அடிச்சிருக்கும்."

"அடிச்சிருக்கும்."

"அப்ப அவளுக்கே தெரியும். ஷாக்குலதான் உதறினேன்னு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சிருக்கும்."

பொன்னுரங்கத்துக்கு மூச்சு பெரிதாக வந்தது. ஏதோ இறங்கிவிட்டது போல இருந்தது. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"பின்னே எதுக்கும்மா அழுதா?"

"எப்ப அழுதா?"

"நான் வண்டியைத் திருப்புறப்ப. கண்ணாடியில பார்த்தேன்."

"உதறினதுமே அழலையா?"

யோசித்தார்.

"இல்லம்மா. அப்ப சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. நான் டிக்கியைத் திறந்தேன். பழத்தை எடுத்தேன். கொண்டுபோய் வெச்சேன். அதுவரைக்கும் நின்ன இடத்துலேயே நின்னா. கையைக்கூட கீழ போடல."

அம்மா மறுபடி கையை நீட்டினார்.

"வேணாம்மா. மறுபடி அடிச்சிடப்போகுது."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பொன்னுரங்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. முழுக் கையையும் வைத்துப் பார்த்தார். புளி ஒட்டிய, வெதுவெதுப்பான ஒரு கை. அவ்வளவுதான்.

"இதுக்குத்தான் நின்னிருப்பா" என்றார் அம்மா.