கொன்றையூரின் ஏழாம் விதி

கொன்றையூர் மன்னர் சேந்தவர்மன் ஒருமுறை பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போய் வந்தார். வந்த நாளிலிருந்து சொந்த ஊரைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே வீடுகள் பளிச்சென்று இருந்தனவாம். இங்கே பாதிச் சுவர்களில் காரை உதிர்ந்து கிடந்தது.

உடனே உட்கார்ந்து வீடுகளுக்குப் பன்னிரண்டு விதிகள் எழுதினார். சுவருக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வாசலில் கழிவுநீர் தேங்கக் கூடாது. தெருவை மறித்து மாடு கட்டக் கூடாது. இப்படியே போய், ஏழாவது விதி இது: "எந்த வீட்டிலும் களை இருக்கக் கூடாது. இருந்தால் அந்த வீடு அரசுக்குச் சேரும்."

விதிகளை நடத்திவைக்க நாகமாணிக்கர் என்பவரை அதிகாரியாகப் போட்டார். அங்கேதான் வந்தது வினை.

மேலவீதி முனையில் செவ்வந்தி என்றொரு மருத்துவச்சி இருந்தாள். கணவன் இல்லை. வீடும் வீட்டைச் சுற்றி அவள் வளர்த்த மூலிகைகளும்தான் அவளுக்கு எல்லாம். விதிகளைப் பறையறைந்து சொன்ன மறுநாளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மண்வெட்டியை எடுத்துத் தானே வாய்க்கால் வெட்டினாள். பன்னிரண்டையும் சரியாகச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தாள்.

நாகமாணிக்கர் வந்தார். அந்த முனை இடத்தில் தன் மைத்துனனுக்குக் குதிரை லாயம் கட்ட அவருக்கு வெகுநாள் ஆசை. சுவரைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். குறை அகப்படவில்லை. கொல்லைப்பக்கம் போனார். முகம் மலர்ந்தது.

"ஏழாம் விதி தெரியுமா உனக்கு? இத்தனை களை வளர்த்து வைத்திருக்கிறாய்."

"களை இல்லைங்க ஐயா. எல்லாம் மருந்துச் செடி."

"நட்டு வளர்த்தாலும் களை களைதான். மூன்று நாளில் வீட்டைக் காலி செய்."

செவ்வந்தி யோசித்துப் பார்த்தாள். செடிகளைப் பிடுங்கிவிட்டால் வீடு தப்பும். ஆனால் நாளைக்கு இருமலோடு வருகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது? நேரே அரசவைப் புலவர் உலகநம்பியின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

உலகநம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விதியை இன்னொரு தடவை சொல்லு, அம்மா" என்றார். சொன்னாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "நாளைக்குச் சபைக்கு வா. உன் செடிகளில் வகைக்கு ஒன்று பறித்துக்கொண்டு வா."

மறுநாள் செவ்வந்தி கூடையோடு சபையில் நின்றாள். மன்னர் வழக்கைக் கேட்டார். அவளைப் பார்த்து அவருக்கு இரக்கம்தான். ஆனாலும், "ஆணையில் என் முத்திரை இருக்கிறது. ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்" என்றார்.

"மாற்றவே வேண்டாம், அரசே" என்றார் உலகநம்பி. "எழுதியபடியே நடத்துவோம். விதி எல்லோருக்கும் பொதுதானே? அதிகாரியின் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா?"

"கேளும்."

நாகமாணிக்கர் நெஞ்சை நிமிர்த்தினார். "போன மாதம்தான் வெள்ளையடித்தேன். தேக்கில் புதுக்கதவு. வாசல் முழுக்கக் கோலம்."

"அப்படியா? ஆனால் தெற்குவீதி வணிகர் வீடுதான் ஊரிலேயே களையான வீடு என்கிறார்களே?"

"யார் சொன்னது? என் வீட்டில் இருக்கிற களை இந்த ஊரில் எந்த வீட்டிலும் கிடையாது. வந்து பாரும்."

உலகநம்பி மன்னர் பக்கம் திரும்பினார். "அரசே, அதிகாரியே ஒப்புக்கொண்டுவிட்டார். ஊரிலேயே அதிகக் களை அவர் வீட்டில்தான் இருக்கிறதாம். ஏழாம் விதிப்படி அந்த வீடு அரசுக்குச் சேர வேண்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. நாகமாணிக்கருக்கு வியர்த்தது.

"நான் சொன்னது அழகை. விதி சொல்வது வேண்டாத செடியை."

"விதியில் களை என்றுதான் இருக்கிறது. எந்தக் களை என்று இல்லையே."

"வெறும் சொல்லைப் பிடித்துத் தொங்கினால் எப்படி? மன்னர் என்ன கருதி எழுதினார் என்று பார்க்க வேண்டாமா?"

"இதைத்தான் உங்கள் வாயால் கேட்கக் காத்திருந்தேன்" என்றார் உலகநம்பி. "நீங்களே சொன்னீர்கள், வேண்டாத செடி என்று. செவ்வந்தி, உன் கூடையில் வேண்டாதது எது என்று காட்டு."

செவ்வந்திக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்தாள். "இது ஆடாதோடை. போன மழைக்காலம் மன்னரின் இருமலுக்கு இதைத்தான் கொடுத்தேன். இது கீழாநெல்லி, காமாலைக்கு. இது துத்தி. அதிகாரி ஐயா வீட்டம்மா வாரந்தோறும் ஆள் அனுப்பி வாங்குகிறார்கள். ஐயாவுக்குத்தானாம். எதற்கென்று சபையில்..."

"போதும், போதும்" என்றார் நாகமாணிக்கர் அவசரமாக. "இவை களை இல்லை. ஒப்புக்கொள்கிறேன்."

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். செவ்வந்தியின் வீடு செவ்வந்திக்கே. அவள் தோட்டத்துக்கு அரண்மனைக் கிணற்றிலிருந்து தண்ணீர். உலகநம்பிக்கு ஒரு பட்டுச் சால்வை. இனி எந்த வீட்டில் எது களை என்று செவ்வந்தியைக் கேட்டுத்தான் அதிகாரி முடிவுசெய்ய வேண்டும்.

செவ்வந்தி கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சால்வையை வாங்க வந்த புலவரிடம் மன்னர் கேட்டார்: "எல்லாம் சரி, நம்பி. ஏழாம் விதியை நீர் படித்த மாதிரி படித்தால், அதற்கு முழுதாகக் கட்டுப்பட்டவர் இந்த ஊரில் ஒருவராவது உண்டா?"

"உண்டு, அரசே. நாகமாணிக்கரின் முகத்தைப் பாருங்கள். துளிக்கூடக் களை இல்லை."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது.