கூட்டத்துக்குள் மூக்கை நீட்டிய அகழெலி

பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலும் டச்சுக்காரர்களின் நாடு கடலைவிடத் தாழ்ந்துதான் கிடந்தது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஒரேயொரு மண்கரை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நாரைகளுடையது. அவற்றுக்குத் தலைவர் யோப். நல்லவர்தான், கழுத்து நீளமாக இருந்ததால் தன் கண்ணுக்குத் தப்பியது எதுவுமே இல்லை என்று ஒரு நினைப்பு.

ஒரு வருஷம் கடல் ஏறிக்கொண்டே வந்தது. கரையை உயர்த்தியாக வேண்டும். சுமக்கச் சுலபமாயிருக்குமே, கரையின் காலடியிலேயே மண் வெட்டிவிடலாம் என்றார் யோப். அதை முடிவுசெய்ய, கரையடிக் கொட்டகையில் நாரைகள் கதவைச் சாத்திக்கொண்டு கூடின.

அந்தக் காலடியில்தான் கிரேத்தா என்ற அகழெலி, நாலு குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தாள். சேதி காதில் விழுந்ததும் ஓடிவந்து கதவைத் தட்டினாள். அடியில் ஏற்கெனவே ஈரம் கசிகிறது, அங்கே வெட்டினால் கரையே உட்கார்ந்துவிடும் என்று வெளியில் நின்றே சொல்லிப் பார்த்தாள்.

“கண்ணு தெரியாதவளுக்குக் கரையைப் பத்தி என்னம்மா தெரியும்? போய்ப் பிள்ளைகளைப் பாரு” என்றார் யோப். உள்ளே ஒரே சிரிப்பு.

கிரேத்தா போனாள், மண்ணுக்குள். விறுவிறுவென்று பறித்துக்கொண்டே வந்து, கூட்டத்தின் நட்டநடுவில், யோப் ஒற்றைக்காலில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே மூக்கை நீட்டினாள். அவள் பின்னாலேயே தண்ணீரும் குமிழ்விட்டு வந்தது.

யோப் அலகை நனைத்துப் பார்த்தார். உப்பு. தூக்கிய காலை எல்லா நாரைகளும் மெதுவாகக் கீழே வைத்தன.

“கண்ணு இல்லைதான் ஐயா. ஆனா உங்க காலு இன்னிக்குத்தான் நனையுது, என் வீடு ஒரு மாசமா நனையுது” என்றாள் கிரேத்தா.

யோப் தன் நீளக் கழுத்தை அவள் பக்கம் தாழ்த்தினார். பிறகு, “மண்ணை எங்க எடுக்கலாம், நீயே சொல்லு தாயி” என்றார்.

தூரத்து மேட்டை அவள் சொன்னாள். வாத்தும் முயலும் தவளையும்கூடச் சேர்ந்து சுமந்தன. முணுமுணுப்புக்குக் குறைவில்லை, ஆனாலும் கசிந்த இடம் அடைபட்டது, கரை உயர்ந்தது. அந்த மழைக்காலம் முழுக்கக் குட்டிகள் காய்ந்த தரையில் தூங்கின.

அன்று முதல்தான் அந்த நாட்டில், ஊர்க்காரியம் எதையும் தொடுவதற்கு முன்னால் அங்கே குடியிருப்பவர்களை உள்ளே கூப்பிட்டுப் பேசவிடுகிறார்கள். ‘உள்ளே’, ‘பேச்சு’ இரண்டுக்கும் உள்ள டச்சுச் சொற்களை ஒட்டி அதற்கு ‘இன்ஸ்ப்ராக்’ என்று பேரும் வைத்தார்கள். அகழெலிகள் மட்டும் கூப்பிடுகிறவரை காத்திருப்பதில்லை. சொல்ல ஏதாவது இருந்தால், இன்றைக்கும் புல்தரையைப் பொத்துக்கொண்டு வந்துவிடுகின்றன.