கத்ரின் வீட்டு அட்டை

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். அதனால் தீர்ப்பை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நிதானமாகக் கேளுங்கள், சின்ன விஷயம் என்று எதையும் தள்ளிவிடாதீர்கள்.

வேல்ஸ் நாட்டின் வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு சிலேட்டுக் குவாரி ஊர். அதன் நடுத்தெருவில் எபெனேசர் என்றொரு சபைக்கூடம். அரசாங்கத்துச் சபை எங்களுக்கு வேண்டாம், எங்கள் போதகரை நாங்களே வைத்துக்கொள்வோம் என்று பிரிந்து வந்த குவாரித் தொழிலாளர்கள் தாங்களே கல் சுமந்து கட்டியது. உள்ளே சிலை கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது, வாத்தியம்கூடக் கிடையாது. பாட்டு உண்டு. ஈவான் என்ற தொழிலாளி முதலடியை எடுத்துக் கொடுப்பான், சபை முழுவதும் சேர்ந்துகொள்ளும்.

குவாரியின் முதலாளி ஒரு பிரபு. சங்கம் என்ற பேச்சே உள்ளே வரக்கூடாது என்றார். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல் ஞாயிறன்று, அதே குவாரியில் வேலை பார்த்த சபை மூப்பர் ஹியூ பாரி எழுந்து ஒரு சத்தியத்தை வாசித்தார்: "வேலைக்குத் திரும்புகிறவனுடைய வாசல்படியை மிதிக்க மாட்டோம். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம். அவன் எடுத்துக் கொடுக்கும் பாட்டைப் பாட மாட்டோம்." அத்தனை பேரும் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவன் ஈவான். அன்றே தெருவெங்கும் ஜன்னல் கண்ணாடிகளில் ஓர் அட்டை ஏறியது: 'இந்த வீட்டில் துரோகி இல்லை.'

பதினான்கு மாதம் போயிற்று. ஈவானின் மகள் நெஸ்ட்டா, தாயில்லாத ஆறு வயதுப் பிள்ளை, நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் தவித்தாள். ஊரில் இருந்த ஒரே ஆஸ்பத்திரி குவாரியுடையது. வேலைக்குப் போகிறவன் பிள்ளைக்குத்தான் அங்கே கட்டில். ஈவான் தன் வீட்டு அட்டையைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். அப்படியும் பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டது.

அந்த ஊரில் சாவு ஊர்வலம் போனால் வழியிலுள்ள வீடுகள் எல்லாம் ஜன்னல் திரையை இழுத்து மூடும். ஆண்கள் பாடிக்கொண்டே பெட்டியின் பின்னால் போவார்கள், பெண்கள் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். பாட்டில்லாமல் ஒருவரைப் புதைப்பது நாயைப் புதைப்பதற்குச் சமம்.

போதகர் எலிஸுக்கு மனது கேட்கவில்லை. அடக்கத்தன்று காலையிலேயே தன் ஜன்னலிலிருந்த அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஈவான் வீட்டுக்குள் போய் ஜெபம் செய்தார். சின்னப் பெட்டி. தகப்பன் ஒருவனே தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"பாட்டை எடுங்க ஈவான்" என்றார் போதகர்.

"நான் எடுக்கக் கூடாது ஐயா. அன்னிக்கு முதல்ல கை தூக்கினவன் நான்தான்."

போதகர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மூப்பர் ஹியூ பாரி நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, திரையை நன்றாக விலக்கி, வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத் தெருவில் மற்ற வீட்டாரும் திரையை மூடவில்லை. போவது காய்கறி வண்டியா, குழந்தையின் பெட்டியா? பாவிகள்! மூலையில் பிரபுவின் கோச்சு வண்டி நின்றது. பிரபு தொப்பியைக் கழற்றித் தலை வணங்கினார். பிறகு வண்டி போய்விட்டது.

மூப்பர் வீட்டுக்கு எதிர்வீடு கத்ரினுடையது. குவாரியில் பாறை விழுந்து புருஷனைப் பறிகொடுத்தவள். வேலைநிறுத்தத்தால் மகன்கள் இருவரும் தெற்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். வெறும் உருளைக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் தன் திரையை இழுத்து மூடினாள். திரை உள்பக்கம், அட்டை கண்ணாடியில். அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. கதவைத் திறந்து தெருவில் இறங்கி, பெட்டியின் பின்னால் நடந்து, அவளே பாட்டின் முதலடியை எடுத்தாள். இரண்டாம் அடியில் ஈவானின் குரல் உடைந்துகொண்டே வந்து சேர்ந்தது.

மூப்பர் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். "கத்ரின்! நீ கை தூக்கினவதானே?"

"தூக்கினேன். இன்னும் இறக்கல. இந்தப் பிள்ளை எந்தக் குவாரிக்கு வேலைக்குப் போச்சு, மூப்பரே?"

கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவள் பாட்டை நிறுத்தவில்லை. மாலையில் போதகர் தன் அட்டையைத் திரும்ப ஜன்னலில் வைத்தார். தெருவோ பிரபுவின் மரியாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு சபை கூடியது. "சத்தியத்தைக் காத்தவன் நான்" என்றார் மூப்பர். "இரக்கம் சத்தியத்தைவிடப் பெரிது" என்றார் போதகர். துரோகிக்குத் துணைபோனாள், பெண்ணாயிருந்தும் பாட்டை எடுத்தாள் என்று கத்ரினை முன்னால் நிற்க வைத்தார்கள்.

சொல்லுங்கள். மூப்பர், போதகர், கத்ரின்: இந்த மூவரில் சத்தியத்தைக் காத்தவர் யார்?

விடை: கத்ரின். ஈவானின் வாசல்படியை அவள் மிதிக்கவில்லை, அவனோடு உட்காரவில்லை, அவன் எடுத்த பாட்டைப் பாடவில்லை. அவள் எடுத்ததை அவன் பாடினான். போதகர் படியை மிதித்தார். இரக்கத்துக்காக மிதித்தார் என்று மன்னிக்கலாம், ஆனால் மாலையில் அந்த அட்டையைத் திரும்ப வைத்தாரே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. திரையை மூடாதே என்று சத்தியத்தில் எங்கே இருக்கிறது? மூப்பர் காத்தது தன் ஆத்திரத்தை. ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தியவரோ தொப்பியைக் கழற்றி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போனார். சபை கை தூக்கிக் கத்ரினை நீக்கியது. மறு வருஷம் வேலைநிறுத்தம் தோற்றது. ஹியூ பாரி உட்பட எல்லோரும் அட்டையை எடுத்துவிட்டுப் பிரபுவின் குவாரிக்கே திரும்பினார்கள். கத்ரின் வீட்டு அட்டை மட்டும், எழுத்து வெளுத்துப் போகும்வரை, ஜன்னலில் இருந்தது.