உண்டோ என்றால் இல்லை

முன்னொரு காலத்தில் ஒரு மன்னன் முந்நூற்று நாற்பது பணம் கடன்பட்டிருந்தான். அரண்மனைக் குளம் வெட்டியவர்களின் கூலி அது. குளம் நிரம்பி, ராணி குளித்து, மீன்கூடக் குஞ்சு பொரித்துவிட்டது. கூலி மட்டும் வரவில்லை.

கேட்கப் போனபோதெல்லாம் அவைப்புலவர் செண்பகராயர் எழுந்துகொள்வார். மன்னர் மேகம், நீங்கள் பயிர், பயிர் போய் மேகத்திடம் கூலி கேட்குமா என்றார் ஒருமுறை. இன்னொருமுறை, அவர்கள் சிந்திய வியர்வையெல்லாம் முத்து என்றார். இவ்வளவு முத்து வைத்திருப்பவர்களுக்குப் பணம் எதற்கு என்று மன்னனும் அனுப்பிவிட்டான். அழகான பேச்சுதான். உலையில் போட்டால் கஞ்சியாகாது.

கூலிக்குப் பொறுப்பு சொல்லி அவர்களை அழைத்து வந்தவன் அரண்மனை விகடன் வேம்புலி. ஆட்களுக்குப் பெரியவளான குருவம்மா மண்வெட்டியோடு வந்து அவன் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குப் பணம் வரலேன்னா உம்ம வீட்டு நடுவுல ஒரு குளம் வெட்டிருவோம், விகடரே. அதுக்குக் கூலி வேண்டாம்."

"பொறு தாயி. புலவர் வித்தை எனக்குப் பிடிபட்டுப்போச்சு. கேள்வி மாதிரிதான் கேட்பாரு. பதிலை அவரே உள்ள வெச்சுத் தைச்சிருப்பாரு."

அந்த அவையில் ஒரு வழக்கம். யாராவது எழுந்து 'உண்டோ' என்று இழுத்தால், எல்லோரும் 'இல்லை' என்று முழங்கவேண்டும். அப்படி முழங்கியது எதுவும் அரசாணையாகிவிடும். வருஷக்கணக்கில் முழங்கி முழங்கி, கேள்வியைக் காதில் வாங்கும் பழக்கமே அவர்களுக்குப் போய்விட்டிருந்தது.

மறுநாள் வேம்புலி மன்னனைப் புகழ அனுமதி கேட்டான். புகழ்ச்சி என்றதும் மன்னன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எங்கள் மன்னருக்கு நிகரான வீரர் உண்டோ?"

"இல்லை" என்று முழங்கியது அவை.

அவரைப்போல் அழகர் உண்டோ என்றான். மன்னனின் மூக்கைப் பார்க்காமல் அதற்கும் முழங்கினார்கள்.

"குளம் வெட்டியவர் கூலியை இன்று மாலைக்குள் கொடுக்காமலிருக்கும் எண்ணம் அவருக்கு உண்டோ?"

"இல்லை." செண்பகராயரின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

"அதைப் புலவரின் பொற்கிழியிலிருந்து எடுத்துக்கொடுக்க அவருக்குத் தயக்கம் உண்டோ?"

புலவர் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் முன்னைவிட உற்சாகமாக முழங்கினார்கள்.

"மன்னர் பெருமானே, அது வெறும் அணி. கேள்வி வடிவில் வரும் அலங்காரம். அதைப் போய் ஆணையாகக் கொள்ளலாகாது" என்று புலவர் பதறினார்.

"அப்படியானால் அந்த மேகமும் முத்தும் என்ன, புலவரே?" என்றான் மன்னன்.

கேட்ட கையோடு மன்னனுக்குச் சிரிப்பு பீறிட்டது. கிரீடம் சரிந்து மூக்கில் விழும்வரை சிரித்துவிட்டு, தன் பட்டுச் சால்வையை வேம்புலியின் தோளில் போட்டான். பொற்கிழி அவிழ்ந்தது.

அன்று மாலை குருவம்மா பணத்தை எண்ணி, ஒன்றைக் கடித்தும் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு வேம்புலி வாசலிலிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தாள்.

"தாயி, இன்னும் பாக்கி உண்டோ?" என்று அவன் இழுத்தான்.

"இல்லை" என்றாள் குருவம்மா.