மோட்டார் ரூமில் மடிந்த புரதம்

தலை முழுக்க ஷாம்பு, இடுப்பில் துண்டு, கையில் காலி வாளி. இந்தக் கோலத்தில் எங்கள் ஃப்ளாட் மோட்டார் ரூம் வாசலில் நின்றேன். குளித்துக்கொண்டிருக்கும்போதே குழாய் நின்றுவிட்டது. இன்றைக்கு என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சங்கரன்கோவிலைத் தாண்டிவிட்டார்களாம். உள்ளே பார்த்தால், மோட்டார் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன் கம்ப்யூட்டரைச் செருகி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார் மூணாவது மாடி வன்னியப்பன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ப்ளக்குல கைய வைக்காதேயும் பிச்சையா! பாதி மடிச்ச புரதம் பிரிஞ்சு போச்சுன்னா, உலகத்துல இருக்க நோயாளி பூரா உம்மளத்தான் திட்டுவான்."

"என்ன புரதம்வே?"

"நம்ம உடம்புக்குள்ள இருக்குல்லா. நூல் மாதிரி நீளமா வந்து ஒரு தினுசா மடங்கும். எப்படி மடங்குதுன்னு தெரிஞ்சா வியாதிக்கு மருந்து. கணக்கு ரொம்பப் பெருசு. அதனால விஞ்ஞானிங்க உலகம் பூரா வீட்டுக் கம்ப்யூட்டரை இரவல் கேக்காங்க, ஆளுக்கு ஒரு துண்டு கணக்கு. எல்லாவனும் துண்டு வாங்குனான். நான் மொத்தத்தையும் கொண்டாங்கன்னுட்டேன். வீட்டுக் கரண்டு தாங்கல. அதான் இங்க."

எதிர் வீட்டு ஜெசிந்தா மேடமும் குடத்தோடு வந்து சேர்ந்தார். காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவர். கேட்க இன்னொரு ஆள் கிடைத்ததும் வன்னியப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"முத புரதத்தை மடிக்கும்போது பெட்டி அடிச்ச சூட்டுல, மேல வச்ச அப்பளம் பொரிஞ்சிட்டு மேடம்."

"எண்ணெய் இல்லாமலா?"

"எண்ணெய் ஊத்தியிருந்தா கருகியிருக்கும்லா! சூட்டைத் தணிக்க உள்ள இருக்க ஃபேன் சுத்துச்சு பாருங்க, அந்தக் காத்துல பாளையங்கோட்டைக்கு மேல நின்ன மேகமெல்லாம் கேரளாவுக்குப் போயிட்டு. அங்க ஒரே வெள்ளம்."

"அப்பம் மழை இல்லாததுக்கும் நீர்தான் காரணமா?" என்றேன். நுரை வழிந்து கண்ணில் இறங்கி எரிந்தது.

"பெருமைக்குச் சொல்லல. ரெண்டாவது புரதத்துல, மடிச்சு மடிச்சு பெட்டிக்குக் கை பழகிட்டு. மொட்டை மாடிக் கொடியில கிடந்த துணியெல்லாம் தானா மடிஞ்சு அடுக்கிக்கிச்சு. நேத்து உம்ம ஈஸி சேர் உம்மளோட சேர்ந்து மடிஞ்சுச்சுல்லா?"

"அது கால் ஒடிஞ்ச சேர்வே!"

"ஒடிச்சது யாரு? சரி, அதை விடும். வெள்ளைக்கார விஞ்ஞானி போன் பண்ணி அழுதான். 'ஐயா, நீங்க அனுப்புன விடைக்கு மருந்து செஞ்சாச்சு. ஆனா அந்த வியாதி இன்னும் யாருக்குமே வரல. கொஞ்சம் மெதுவா மடிங்க'ன்னான். மருந்து குடோன்ல அடுக்கிக் கிடக்கு. வியாதியத் தேடித்தான் ஆள் அனுப்பியிருக்கான்."

என் போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று மனைவி. சம்பந்தி முகத்தில் இந்த நுரையோடு எப்படி முழிப்பேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சும்மா வருமா இந்தப் பேரு?" வன்னியப்பன் விடவில்லை. "ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து மவுஸை விட்டுக் கைய எடுக்கலவே. சாப்புடும்போதுகூட இடது கையால ஆட்டிக்கிட்டே இருந்தேன். பெட்டி தூங்கிட்டுன்னா மனுச குலம் என்னாகும்?"

ஜெசிந்தா மேடம் குடத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து திரையைப் படித்தார்.

"சார், இது ஆள் தொடாம சும்மா கிடக்கும்போதுதான் கணக்குப் போடும். நீங்க ஆட்ட ஆட்ட நின்னே கிடந்திருக்கு. 'உபயோகத்தில் உள்ளது, கணக்கு நிறுத்தப்பட்டது'ன்னு போட்டிருக்கு. இதுவரை முடிச்சது பூஜ்யம்."

வன்னியப்பன் திரையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"கேட்டீராவே பிச்சையா? அம்புட்டையும் மெஷினே இல்லாம, நான் வெறுங்கையால மடிச்சிருக்கேன்!"

"அப்பம் இனியும் கையாலயே மடிச்சுக்கிடும்" என்று ப்ளக்கைப் பிடுங்கி மோட்டாரைப் போட்டேன்.