கொழுந்துக்கூடையும் படமெடுக்கும் இயந்திரமும்

ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாய்த்துடுக்கான கொழுந்துக்கூடை ஒன்று இருந்தது. பிரம்பில் பின்னியது. கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் போதும், மலையே தன்னால்தான் பச்சையாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அந்தக் கர்வத்தில் பாதிக்கு மேல் நியாயம்தான். ஊர் உலகம் காலையில் குடிக்கிற தேநீரெல்லாம் ஏதோ ஒரு முதுகிலிருந்து இறங்கியதுதானே.

முன்பு அது சிவபாக்கியத்தின் கூடை. கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலே பின்னால் வீசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு வருஷம் அவளுடைய இடது கைவீச்சு தளர்ந்தது. கூடைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? மார்பில் கட்டி இருப்பதை டாக்டர்கள் கண்டுபிடித்தபோது அது உடம்பெல்லாம் பரவியிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவள் போய்விட்டாள். ஆறு மாதம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஆணியில் தொங்கியபடி கூடை அழுதது.

பிறகு தங்கை தவமணி அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். இவளை விட்டுவிடக் கூடாது என்று கூடை அன்றே முடிவு செய்தது.

தவமணிக்கு வலியுமில்லை, கட்டியுமில்லை. ஆனால் டவுன் ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் இருக்கிறதாம், கையில் தட்டுப்படும் முன்பே படமெடுத்துக் காட்டிவிடுமாம், அக்காவுக்கு வந்திருந்தால் தங்கை கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் என்று கேள்விப்பட்டாள். ஒரு நாள் அரைநாள் வேலையோடு கிளம்பினாள். லயத்துக்குப் போய் உடுப்பு மாற்றினால் பஸ் போய்விடும். உடுப்பு நனையாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக அப்படியே ஏறிவிட்டாள்.

"கூடைய வெளிய வச்சிட்டுப் போங்க" என்றான் ஆஸ்பத்திரிக் காவலாளி. தவமணி அதை ஒரு சன்னலுக்கடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அது இயந்திரத்தின் அறைச் சன்னல்.

"யாரது, சேறும் ஈரமுமாக?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கொழுந்துக்கூடை. நீ யாரு?"

"அரிசி மணி அளவு கட்டியைக்கூட விடமாட்டேன். இந்த மாவட்டத்துக்கே நான் ஒருவன்தான்" என்றது இயந்திரம்.

"மாவட்டத்துக்கேவா? எங்க மலையில எத்தன பேரப் பாத்திருக்க?"

இயந்திரம் மேசைமேல் இருந்த பதிவேட்டைப் பார்த்தது. பதிவேடு தன்னைத்தானே புரட்டிக்கொண்டது. டவுன் பக்கங்கள் நிறைந்திருந்தன. தோட்டத்துப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஒருவரும் இல்லை. நல்ல காற்றல்லவா? மேலே இந்த நோயே இல்லை போலிருக்கிறது" என்றது பதிவேடு.

கூடைக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. "இல்லன்னு யாரு சொன்னது? பாக்கலன்னு சொல்லு!"

"அழைப்பு அனுப்பினோமே!" என்றது பதிவேடு.

"அனுப்பினீங்க. எங்க லயத்துல ஒருத்தருக்கும் தெரியாத பாஷையில, செகப்பு எழுத்துல. செடிக்கு மருந்தடிக்கப் போறதா அறிவிச்சிருக்காங்கன்னு நெனச்சு ரெண்டு நாளு புள்ளைகள மலைப்பக்கமே விடல. இங்க நம்பர் குடுக்குறது காலையில ஏழு மணிக்கு. எங்க மொத பஸ்ஸே ஒம்போதுக்குத்தான். எப்பிடி வர்றது, பறந்தா?"

பதிவேடு வெள்ளைப் பக்கத்தை மறைத்துச் சட்டென்று மூடிக்கொண்டது. இயந்திரத்துக்கு முதல் தடவையாகத் தன் கண்மேல் சந்தேகம் வந்தது.

அதே நேரத்தில் உள்ளே கவுண்டரில் இருந்தவர், ஆறிக்கொண்டிருந்த தேநீரைக் கையில் எடுத்தபடி அரைகுறைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்பர் முடிஞ்சது. தோட்டம் ஆள்களுக்கு இந்த வியாதி வாறது இல்லை அம்மா. நல்ல காத்து."

"எங்க அக்கா அந்த நல்ல காத்துலதான் செத்தாங்க ஐயா" என்றாள் தவமணி. குரலை உயர்த்தவில்லை. "நான் பிச்ச கேட்டு வரல. உங்க கையில இருக்குற தேத்தண்ணி எங்க மலையில எடுத்த கொழுந்து. எல்லாரையும் பாக்குற மாதிரி என்னையும் பாருங்கன்னுதான் கேக்குறேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். நேரே இயந்திரத்தின் அறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தார்.

"அந்தப் பக்கத்தைக் காட்டு" என்றது இயந்திரம்.

"மானம் போய்விடுமே" என்றது பதிவேடு.

"போகட்டும். காட்டு."

பதிவேடு கூசிக்கொண்டே வெள்ளைப் பக்கத்தில் திறந்தது. டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இத வச்சுத்தான் தோட்டத்துல நோயில்லன்னு எழுதி அனுப்பினோமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து தவமணியைக் கூப்பிட்டார். "வாங்கம்மா. இப்பவே பாப்போம்."

"வாறேன் டாக்டர். ஆனா என்னோட முடிஞ்சிரக் கூடாது. எங்க லயத்துல நாப்பது பொம்பளைங்க இருக்கோம்."

"நாங்களே மேல வாறோம்" என்றார் டாக்டரம்மா.

தவமணி இயந்திரத்தின் முன் நின்றாள். சன்னலுக்கு வெளியே கூடை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"இருக்கிறது" என்றது இயந்திரம் மெதுவாக. "அரிசி மணி அளவுதான். சுற்றிலும் பரவவில்லை. எடுத்துவிடலாம்."

கூடைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மூன்று மாதம் கழித்து இயந்திரத்தை ஒரு லாரியில் ஏற்றினார்கள். அத்தனை வளைவிலும் முனகிக்கொண்டே அது மலையேறியது. தொழிலாளர்கள் காலையில் கூடிப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் அதை இறக்கி வைத்தார்கள். சுவரில் தமிழில் கொட்டை எழுத்தில் அறிவிப்பு. ஆபரேஷன் முடிந்து தேறிவிட்ட தவமணி, காலியான கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, வந்தவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டதில் வரிசை வளைந்து கோயில் வரைக்கும் போனது.

இயந்திரம் மலைத்துப் போனது. "அம்மாடி, இத்தனை பேரா! இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள்?"

கூடை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எரநூறு வருசமா இதே மலையிலதான் இருக்கோம். வழி தெரியாம கெடந்தது நீதான். சரி, வந்துட்ட. வேலையப் பாரு."