விரதப் பந்தலில் ஒரு மாத்திரை

சென்னியப்பனுக்கு எழுத்து வந்தது ஐம்பத்தெட்டு வயதில். சொல்லிக்கொடுத்த பூங்கோதைக்கு அப்போது முப்பத்தாறு. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, படிக்காத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தியவர். மகள் வயதுதான். ஆனாலும் சென்னியப்பன் அவரை வாய் நிறைய 'டீச்சருங்க' என்றுதான் கூப்பிடுவார். அவரைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யமாட்டார்.

தன் கையால் அவர் எழுதிய முதல் தாள் ஒரு புகார் மனு.

ஊர் ஓடையில் சாயப்பட்டறைக் கழிவு கலந்தது. ஒரு நாள் சிவப்பாக ஓடும், இன்னொரு நாள் நீலமாக. அவருடைய எருமைகள் இரண்டு செத்துப்போயின. பேத்தியின் காலெல்லாம் புண். மனுவோடு ஓடைத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் பாட்டிலைப் பார்த்தார். "கீழ வைங்க பெரியவரே, மேசை கறையாயிடும்."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நீர் பயன்பாட்டுக்கு உகந்தது.

சென்னியப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். இதைப் படிக்கவா எழுத்துக் கற்றோம் என்று பொருமினார்.

தாலுகா ஆபீஸ் எதிரில் பந்தல் போட்டார்கள். டீச்சரும் அவரும் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

முதல் நாளே டீச்சர் சொன்னார்: "தண்ணி, உப்பு, சர்க்கரை. அதோட தினம் இந்த மாத்திரை ஒண்ணு."

"மாத்திரை எதுக்குங்க?"

"பி ஒன் வைட்டமின்ங்கண்ணா. அது இல்லாம வெறும் சர்க்கரையை உடம்பால எரிக்க முடியாது. மூளையைப் பாதிக்கும்."

"விரதம் இருக்கறமுங்களா, வைத்தியம் பார்த்துக்கறமுங்களா? பட்டறைக்காரன் பார்த்தா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். முழுங்குங்க."

டீச்சர் தன் மாத்திரையை விழுங்கினார். சென்னியப்பன் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார். டீச்சர் திரும்பியதும் துப்பி, மணலைத் தள்ளி மூடினார். டீச்சர் சொல்லை அவர் மீறியது அதுவே முதல் தடவை. குற்ற உணர்ச்சி இல்லை. எருமைகளுக்கு யார் மாத்திரை கொடுத்தார்கள்? தன் கோபத்தில் கலப்படம் கூடாது என்று நினைத்தார். தினமும் அப்படியே செய்தார்.

பந்தலில் பேசுகிறவர் அவர்தான். எந்தத் தேதியில் எந்த நிறம் ஓடியது, எந்தக் கிணறு எப்போது கெட்டது எல்லாம் மனப்பாடம். சுற்று ஊர்க்காரர்கள் அவர் பேச்சைக் கேட்கவே வந்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள் மனுவில் இருந்த எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பசி என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நடக்கும்போது கால் பின்னிற்று. படுத்தால் சரியாகிவிடும் என்றார்.

இருபத்தாறாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. அதிகாரி சென்னியப்பன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. உங்க புகார் என்ன?"

சென்னியப்பனுக்கு இரண்டு அதிகாரிகள் தெரிந்தார்கள். தொடையில் ஓங்கி அடித்தார்.

"சும்மா விடக்கூடாதுங்க! எங்க வயித்துல அடிச்சாங்க! ஜெயில்ல போடோணும்!"

"யாரை?"

அவர் வாய் திறந்தபடி இருந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை. கண்கள் நிலையில்லாமல் ஆடின. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் விரல் வந்து நின்றது.

"இந்தம்மாவைத்தானுங்க!"

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

டீச்சர் அவர் கண்களைப் பார்த்தார். அவ்வளவுதான், வண்டி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "பி ஒன் ஊசி போட்டுட்டு அப்புறம் குளுக்கோஸ் ஏத்துங்க."

நாலு நாள் கழித்து, தலைக்கு மேல் சுற்றிய இரண்டு மின்விசிறிகள் ஒன்றாயின. பேச்சு தெளிந்தது. கால் மட்டும் சுவரைப் பிடித்தால்தான் நடந்தது. கடைசிச் சில நாட்கள் ஞாபகத்திலேயே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் செய்தித்தாள் கிடந்தது. எடுத்துத் தானே படித்தார். 'போராட்டத்தை நடத்தும் பெண் மீது புகார்தாரரே குற்றச்சாட்டு.'

டீச்சர் அன்று மாலை வந்தார். அவருடைய விரதத்தின் முப்பதாம் நாள். இளைத்திருந்தார், நடை நேராக இருந்தது.

"நானுங்களா இப்படிச் சொன்னேன்?"

"ஆமாங்கண்ணா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மாத்திரையைத் துப்பியதைச் சொன்னார். டீச்சர் திட்டவில்லை.

"சர்க்கரைத் தண்ணி குடிச்சேனுங்களே. அது எங்க போச்சு?"

"மூளை வரைக்கும் போச்சு. பாதி உடைஞ்சு அங்கயே நின்னுடுச்சு. மீதியை எரிக்க ஒரு நொதி வேணும். அது தனியா வேலை செய்யாது. உடம்பு பி ஒன்னை மாத்தி ஒரு துணைநொதி செய்யும். அது வந்து சேர்ந்தாத்தான் மேல நடக்கும்."

"எவ்வளவு வேணுமுங்க?"

"ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல. கண்ணுக்குச் சரியாத் தெரியாது. உடம்புல இருக்கற இருப்பு ரெண்டு மூணு வாரம் வரும். வெறும் சர்க்கரையா உள்ள போனா இன்னும் சீக்கிரம் தீரும்."

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"ஓடையைக் கெடுத்தவன் மூணு வேளையும் தின்னுபோட்டுத் தெளிவா இருக்கறான். நியாயம் கேட்டு உக்காந்தவனுக்குப் புத்தி கலங்கோணுமா? இந்த உடம்புக்கு நியாயமே தெரியாதுங்களா?"

"தெரியாது."

அந்தப் பதில் அவரை இன்னும் சுட்டது.

"அதிகாரி மறுபடி வருவாருங்களா?"

"திங்கக்கிழமை வர்றதா எழுதி வாங்கியிருக்கேன். நீங்கதான் பேசணும்."

"பேசறனுங்க." பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "டீச்சருங்க, நான் வேற எதுக்கும் துப்பலைங்க. என் கோபம் சுத்தமா இருக்கோணும்னுதான். மனுசனுக்குக் கோபம் ஒண்ணு போதாதுங்களா?"

டீச்சர் தன் அன்றைய மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவர் கேட்டப்ப உங்க கோபம் அப்படியேதான் இருந்துச்சுங்கண்ணா. யார் மேலங்கறதுதான் இல்ல."